சூரியன் விருந்தாளியாக வரும் ஊர்

கீரனூரில் என் மாமியார் வீட்டுக் களத்தில் நின்று தெற்கே பார்த்தால் மலை தெரியும். பழனி மலையைச் சொல்லவில்லை. அதற்கும் பின்னால், வானத்தை அணைகட்டியதுபோல் நீளமாகப் படுத்திருக்கும் கொடைக்கானல் மலைத்தொடர். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பார்த்தால், கையை நீட்டித் தொட்டுவிடலாம் போல இருக்கும். பழனியிலிருந்து மலைப்பாதையில் அறுபது சொச்சம் கிலோமீட்டர்தான்.

அத்தை அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நாற்பத்தொரு வருஷமாகிறது. அந்த மலைமேல் ஒருதரம்கூட அவர் ஏறியதில்லை என்றால் நம்புவீர்களா?

"ஏன் அத்தை போகலே?" என்று கேட்டேன் ஒரு தீபாவளிக்கு.

"மாட்டை ஆரு பாத்துக்குவாங்க கண்ணு?" என்றார். அவ்வளவுதான் பதில்.

மாமா இருந்தவரையில் வருஷா வருஷம் இந்தப் பேச்சு நடக்குமாம். 'இந்த வெள்ளாமை வீடு வரட்டும்', 'சிவலைப் பசு கன்னு போடட்டும்', 'பையன் பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிக்கொண்டே போயிற்று. பசு கன்று போட்டது. பையன் பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், என்னைக் கல்யாணமும் செய்துகொண்டான். மாமா மூன்று வருஷங்களுக்கு முன் காலமாகிவிட்டார். மலை மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? கல்யாணமாகி எட்டு வருஷம். சென்னையில் இருவருக்கும் உத்தியோகம். நான் வீடு திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். அவர் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆறு வயசுப் பெண்ணைப் பற்றிய தகவல்களைக் குளிர்பெட்டிக் கதவில் சீட்டெழுதி ஒட்டிப் பரிமாறிக்கொள்ளும் தம்பதிகள் நாங்கள். எங்களுக்கும் ஒரு மாடு இருந்தது. அதற்கு ஆபீஸ் என்று பெயர்.

அத்தை இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னார்:

"ரெண்டு பேரும் எங்கியாவது போயிட்டு வாங்க. புள்ளையை நான் பாத்துக்கறேன். நாங்க பாக்காத பனியை நீங்களாச்சும் பாத்துட்டு வந்து சொல்லுங்க." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "வடக்குச் சீமையிலே மாசக்கணக்கா சூரியனே வராதாமே, நெசமா? அங்கத்திப் பொம்பளைக எப்படித்தான் குடும்பம் நடத்தறாங்களோ! கேட்டுக்கிட்டு வா" என்றார்.

எங்கள் ஆசிரியர் எனக்கு எத்தனையோ கேள்விகளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவ்வளவு நல்ல கேள்வியை அவர்கூடக் கொடுத்ததில்லை. பனி பார்க்கக் காஷ்மீரம் போதும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் வடக்கே, இன்னும் வடக்கே போகவேண்டும். இப்படித்தான் நாங்கள் நார்வே தேசத்தின் ட்ரோம்சோ என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மூட்டை முடிச்சு

கீரனூர் பூமத்திய ரேகைக்குச் சுமார் பத்தரை டிகிரி வடக்கே இருக்கிறது. ட்ரோம்சோ ஏறக்குறைய எழுபதாவது டிகிரியில்! வடதுருவ வட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதையும் தாண்டி முந்நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே. பூமி நேராக நின்று சுற்றவில்லை. தலை சாய்ந்த பம்பரம் மாதிரி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து சுற்றுகிறது. அதனால் குளிர்காலத்தில் வடகோடி சூரியனுக்கு முகம் காட்டாமல் திரும்பிக்கொள்கிறது. 'ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு' என்பது துருவத்தின் உச்சிக்கு மட்டும்தான் பொருந்தும். ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில் அடிவானத்துக்கு வருகிறது. ஆனால் ஊரைச் சுற்றி மலைகள் இருப்பதால், தெருவில் நிற்பவர்கள் கண்ணுக்கு அது தென்படுவது ஜனவரி 21-ஆம் தேதி வாக்கில்தான். கோடையிலோ கதை தலைகீழ்: மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரையில் சூரியன் மறைவதே இல்லை.

தேதியைப் பார்த்தீர்களா? நாம் தை பிறந்து சூரியனுக்குப் பொங்கல் வைத்த ஒரு வாரத்தில் அங்கே சூரியன் வருகிறது! கீரனூரில் பொங்கலை முடித்துக்கொண்டு, பெண்ணை அத்தையிடம் விட்டுவிட்டு நாங்கள் புறப்பட்டதற்கு இதுதான் காரணம்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில சமாசாரங்கள். நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லை; ஆனாலும் ஷெங்கன் விசாவே போதும். அதற்கு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும். தலைநகரான ஆஸ்லோவுக்குப் போய் அங்கிருந்து விமானம் மாறினால் இரண்டு மணிக்குள் ட்ரோம்சோ. பாலோ இறைச்சியோ சேர்ந்த பண்டங்களை நம் நாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. அத்தை ஆசையாகக் கொடுத்தனுப்பிய பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய் இருக்கிறதே! சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அன்று நல்ல யோகம். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எங்களோடு வந்தன.

துணி விஷயத்தில் நம் அனுபவம் அங்கே செல்லாது. பருத்தி வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். குளிரில் அது சத்துரு. உடம்போடு ஒட்டினாற்போல மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத அங்கி என்று மூன்று அடுக்கு. கால் அணியைக் கம்பளி உறை போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்கவேண்டும். கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த வசனம்.

பணமா? குரோனர் என்பது அவர்கள் நாணயம். நாங்கள் போனபோது ஒன்றுக்கு நம் பணம் எட்டு ஒன்பது ரூபாய் இருந்தது. ஹோட்டலில் இரண்டு காப்பி சாப்பிட்ட கணக்கைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒட்டன்சத்திரம் சந்தையிலே ஒரு மூட்டை காய் வாங்கலாம்" என்றார் என் கணவர். அதற்கப்புறம் அடுப்படி உள்ள அறையாகப் பார்த்துத் தங்கி, சோறு வடித்துக்கொண்டோம்.

நீலமான பகல்

ட்ரோம்சோவில் நாங்கள் இறங்கியது பிற்பகல் மூன்று மணிக்கு. கும்மிருட்டு! தெரு விளக்குகள் எரிகின்றன. கடைகளில் ஜனங்கள் சாவகாசமாகச் சாமான் வாங்குகிறார்கள். கைக்கடிகாரம் மூன்று என்கிறது, கண் நடுராத்திரி என்கிறது. வயிறு எதை நம்புவது என்று தெரியாமல் தவித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திரையை விலக்கினேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. சூரியன் வராது என்றால் ஒரே இருட்டு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அடிவானத்துக்குக் கீழேயே சூரியன் நகர்ந்து போவதால் அதன் வெளிச்சம் மட்டும் கசிந்து மேலே வருகிறது. முதலில் மையைக் கரைத்த மாதிரி நீலம். கொஞ்ச நேரத்தில் சங்குப்பூ நிறம். தெற்கே மலைச்சரிவில் மட்டும் இளஞ்சிவப்பு. பூமியெல்லாம் வெண்பனியாக இருப்பதால் அந்த நீலம் கீழேயும் படிந்து, வீடு, மரம், கடல் எல்லாம் நீலமாகிவிடுகின்றன. இரண்டு மணிக்குப் பிறகு, அதே படிகளில் இறங்கி இருட்டுக்குப் போகிறது பகல்.

ஊரே ஒரு தீவு. கரையோடு அதை இணைக்கும் பாலம் 1960-இல் கட்டப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், நடுவில் கப்பல் போக வில்லாக வளைந்திருக்கிறது. அக்கரையில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கிச் சாய்த்தாற்போல் ஒரு மாதாகோவில், 1965-இல் கட்டியது. அதன் பக்கத்திலிருந்து கம்பிவட வண்டி ஏறினால் நானூற்றிருபது மீட்டர் உயரத்திலிருந்து ஊர் முழுவதையும் பார்க்கலாம்.

இவ்வளவு வடக்கே இருந்தும் கடல் உறையவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கேயிருந்து வரும் வெந்நீரோட்டம் செய்கிற உபகாரம் அது. ஜனவரியில் சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நாலு டிகிரிதான். கொடைக்கானலில் உறைபனி விழும் ராத்திரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் காற்று வீசினால் மட்டும் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

துறைமுகத்துக்கருகே அமுண்ட்ஸெனின் சிலை நிற்கிறது. 1911-இல் தென்துருவத்தை முதன்முதலில் எட்டிய அதே மகாவீரர். 1928-இல், வடதுருவப் பக்கம் ஆகாயக் கப்பல் விழுந்து தவித்த இத்தாலியர் நோபிலேயைத் தேடி இந்த ஊரிலிருந்துதான் விமானத்தில் கிளம்பினார். நோபிலே பிழைத்தார், தேடப்போன அமுண்ட்ஸென் திரும்பவில்லை.

கைகோத்த கதை

சாலைகளில் பனியைக் கூட்டி ஒதுக்கி, ஜல்லிப்பொடி தூவியிருக்கிறார்கள். ஆனாலும் இடையிடையே பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கிறது. செருப்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள, முள் வைத்த ரப்பர் வளையம் கடைகளில் விற்கிறார்கள். முதல் நாளே வாங்கலாம் என்றேன். "இருநூறு குரோனரா? நான் வரப்பிலே நடந்து வளர்ந்தவன்" என்றார் என் கணவர்.

பத்தாவது நிமிஷம் வரப்பில் நடந்து வளர்ந்தவர் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார்! சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்கப் போனேன், நானும் உட்கார்ந்தேன். எங்களைக் கடந்து ஒரு பாட்டியம்மாள், சறுக்குக் கட்டைமேல் நாற்காலி பொருத்தியது போன்ற ஒரு வண்டியை ஒரு காலால் உந்திக்கொண்டு, கடைப் பையோடு ஒய்யாரமாகப் போனாள். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது.

வளையம் வாங்கினோம். ஆனாலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டேதான் நடந்தோம். எட்டு வருஷத்தில் தெருவில் நாங்கள் கைகோத்து நடந்தது கிடையாது. கீரனூரில் அது முடியாது, சென்னையில் நேரமில்லை. இங்கே விழாமல் இருப்பதற்காகக் கோத்த கை, சமதரை வந்த பிறகும் அப்படியே இருந்தது. பேச்சும் வந்தது. மாமாவைப் பற்றி, அவர் போன நாளிலிருந்து என்னிடம் சொல்லாத எத்தனையோ விஷயங்களை என் கணவர் அந்த நீல வெளிச்சத்தில் நடந்துகொண்டே சொன்னார். "அப்பாவுக்கு வண்டிச் சத்தம் கேட்டாலே மலைப் பக்கம் பார்ப்பார். கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கலாம். நானாவது கூட்டிப் போயிருக்கலாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு யாழ்ப்பாணத்து அடுப்படி

அத்தையின் கேள்விக்கு வருவோம். பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள்?

பதில் சொல்ல எனக்கு ஒரு தமிழ்ப் பெண்மணியே அகப்பட்டார். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். கதவைத் திறந்ததும் வந்த தாளிப்பு வாசனையில் என் கண்ணில் ஜலமே வந்துவிட்டது.

"வாங்கோ, வாங்கோ. நல்லாக் குளிருதோ பிள்ளை?" என்று என் இரண்டு கைகளையும் தம் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். இடியப்பமும் சொதியும் வந்தன. சொதியில் மிதந்தது அந்தக் கடலின் காட் மீன்! ஜனவரியிலிருந்து அந்த மீன் முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக வடகடலிலிருந்து இந்தக் கரையோரம் வருகிறதாம். உப்பே போடாமல் மரச்சட்டங்களில் கட்டித் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே உலர்த்தி அவர்கள் செய்யும் கருவாடு ஆயிரம் வருஷத்துப் பழமையான வியாபாரம்.

இந்தக் கருவாட்டு தேசத்துக்கும் தமிழர்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1956-இல் யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து நார்வேக்கு வந்தவர் அந்தோனி ராஜேந்திரம். இங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, பிறகு நார்வேக்காரர்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' என்ற மீன்பிடித் தொழில் நிறுவனம் உருவாகக் காரணமாக இருந்தவர். அவரைத் தொடர்ந்து இளைஞர்கள் படிக்க வந்தார்கள். 1983-இல் இலங்கையில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு அகதிகளாகப் பலர் வந்தார்கள். அவர்களில் ஏராளமானவர்களுக்கு வேலை கிடைத்தது வடகோடியில் உள்ள ஃபின்மார்க் பிரதேசத்து மீன் தொழிற்சாலைகளில். நார்வேக்காரர்களே குடியிருக்கத் தயங்கும் ஊர்கள்! அங்கே தமிழர்கள் குடித்தனம் நடத்தி, குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் வைத்தார்கள். பிற்பாடு பெரும்பாலோர் ஆஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு குழந்தையாக நார்வேக்கு வந்த கம்சாஜினி குணரத்தினம், 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானார். 2021-இல் பார்லிமெண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நான் பார்த்த அம்மாளும் ஃபின்மார்க்கில்தான் வாழ்க்கையைத் தொடங்கியவர்.

"மீன் வெட்டுற மேசையிலே எட்டு மணித்தியாலம் நிண்டனான், பிள்ளை. வெளியாலே போகேக்கையும் இருட்டு, வரேக்கையும் இருட்டு. முதல் வருசம் சூரியன் போன பிறகு, இனி வராதாக்கும் எண்டு நினைச்சு அழுதனான். ஊரிலே அம்மா இருக்கிறாவோ இல்லையோ எண்டும் தெரியாது. அங்கே சண்டை. கடிதம் வர மாசக்கணக்காகும்."

"எப்படி அம்மா சமாளித்தீர்கள்?"

"பக்கத்து மேசையிலே நிண்ட மனுசி ஒரு நார்வேக்காரி. எனக்கு அவவின்ரை பாஷை தெரியாது. அவவுக்கு என்ரை பாஷை தெரியாது. ஒரு நாள் தன்ரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சன்னலிலே ஒரு விளக்கைக் காட்டி, அதைப் போல ஒண்டை என்ரை கையிலே தந்தா. சன்னலிலே வை எண்டு சைகை காட்டினா. அண்டைக்குத்தான் விளங்கினது. இந்த ஊரிலே விளக்குத் தனக்கு வைக்கிறேல்லை. தெருவிலே போறவைக்கு வைக்கிறது."

வாசகர்களே, நான் தெருவில் இறங்கி மறுபடி பார்த்தேன். உண்மைதான்! வீட்டுக்கு வீடு சன்னலில் ஒரு சிறு விளக்கு, சிலதில் காகித நட்சத்திரம், மேஜையில் மெழுகுவர்த்தி. திரையைக்கூட இழுத்து மூடுவதில்லை. நாம் கார்த்திகைக்கு ஒரு நாள் வைக்கிறோம். இவர்கள் குளிர்காலம் முழுவதும் வைக்கிறார்கள்.

குடும்ப நிர்வாகத்தில் வேறு சில வழக்கங்களையும் அந்த அம்மாள் சொன்னார். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையில், பெயரில் 'ர்' என்ற எழுத்து உள்ள மாதங்களிலெல்லாம், வீட்டில் எல்லாருக்கும் தினம் ஒரு கரண்டி மீனெண்ணெய். வெயில் கொடுக்கவேண்டிய டி வைட்டமினை மீன் கொடுக்கிறது! குழந்தைகளை இருட்டு, பனி என்று வீட்டில் பூட்டி வைப்பதில்லை. வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை போட்ட சட்டையை மாட்டி வெளியே விளையாட விடுகிறார்கள். கைக்குழந்தையைக்கூடக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்து, வெளிக்காற்றில் தூங்கப் போடுகிறார்கள். நம் பாட்டிமார் பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள்! சாப்பிட, பாலைத் திரித்தால் பிரியும் தெளிநீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பழுப்புப் பாற்கட்டி. வாயில் போட்டால் நம் திரட்டுப்பாலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

"எல்லாத்துக்கும் மேலே, தனிய இருக்கப்படாது பிள்ளை. இருட்டுக்கு அதுதான் மருந்து" என்றார் அந்த அம்மாள். பல வருஷம் மீன் வெட்டிய விரல்கள் குளிர்காலத்தில் இன்னமும் வலிக்கின்றனவாம். அந்த விரல்களால்தான் எனக்கு இடியப்பம் பிழிந்து போட்டார்.

வானத்தில் ஒரு புடவை

வடவொளி பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ட்ரோம்சோவுக்கு வருகிறவர்களில் பல பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். நாங்களும் இரண்டு ராத்திரி, காசைக் கொட்டி, சிறு பஸ்ஸில் ஏறி, காட்டிலும் மேட்டிலும் அலைந்தோம். பார்த்தது மேகம். இரண்டாம் நாள் பார்த்தது அதே மேகம்.

அந்த யாழ்ப்பாணத்து அம்மாள் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றோம். என் கணவர் அண்ணாந்து பார்த்து, "அது என்ன, புகையா?" என்றார். வீட்டுக் கூரைக்கு மேலே சாம்பல் கலந்த வெண்மையாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாயிற்று. பிறகு அகன்றது, மடிந்தது. கொடியில் உலர்த்திய பச்சைப் பட்டுப் புடவையைக் காற்று அலைப்பதுபோல அலைந்தது! காசு கொடுத்து எட்டாதது, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இலவசமாக வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் காணும் அவ்வளவு பச்சை வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. காமிராதான் அதை அதிகமாக வாங்கிக்கொள்கிறது. ஆனால் அது நகர்கிற அழகைப் படத்தில் பிடிக்க முடியாது. சூரியனிலிருந்து கிளம்பிவரும் மின்துகள்களைப் பூமியின் காந்தசக்தி துருவங்களின் பக்கம் இழுத்துப்போகிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேலே அவை ஆக்ஸிஜனோடு மோதும்போது பச்சை வெளிச்சம் உண்டாகிறது. இதை ஆராய்ந்து வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் நார்வேயின் விஞ்ஞானி பிர்க்கலாந்து. ஆக, வடவொளியும் சூரியன் செய்கிற வேலைதான். ஆள் வராவிட்டாலும் கடுதாசி போட்டுவிடுகிறது!

வந்தது சூரியன்

ஜனவரி 21. காலையிலிருந்தே ஊரில் ஒரு பரபரப்பு. ரொட்டிக் கடையில் வரிசை. உள்ளே ஜாம் வைத்து எண்ணெயில் பொரித்து, சர்க்கரை தூவிய உருண்டை ரொட்டி; 'சூரிய ரொட்டி' என்று பெயர். சூரியனை வரவேற்க ஊரெல்லாம் அதைத் தின்னவேண்டும். நமக்குச் சர்க்கரைப் பொங்கல், அவர்களுக்குச் சர்க்கரை ரொட்டி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆசிரியைகள் மேட்டுக்கு அழைத்துப்போகிறார்கள்.

நாங்களும் ஏறி நின்றோம். தெற்கே மேகம். பதினொன்றரை ஆயிற்று. "இன்றைக்கு வராது போலிருக்கே" என்றேன். பக்கத்தில் ஒரு கிழவர் தெர்மாஸிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில், "இன்று இல்லாவிட்டால் நாளை" என்றார். எங்களுக்கு மறுநாள் காலை விமானம் என்று அவருக்குத் தெரியுமா?

பகல் பன்னிரண்டு ஆகும்போது மேகத்துக்கும் மலைக்கும் நடுவே ஒரு கீற்று விலகியது. மலை முகட்டில் தங்க விளிம்பு. ஒரு நகக்கண் அளவு சூரியன்! குழந்தைகள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. கிழவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு என்னவோ கை தானாகக் கூப்பிக்கொண்டது.

என் கணவர் அதற்குள் கீரனூருக்குப் போன் போட்டுவிட்டார். அங்கே சாயங்காலம் நாலரை மணி. திரையில் களத்து வெயிலில் அத்தை, இடுப்பில் எங்கள் பெண்.

"அம்மா, இதோ பாருங்க, சூரியன் வந்துடுச்சு!" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

"எங்கே? ஏதோ பொட்டாட்டம் இருக்குதே, அதா?" என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார் அத்தை. அப்புறம் தம் போனைத் திருப்பி மேற்கே காட்டினார். திரை முழுக்க வெள்ளையாகக் கண்ணைக் கூசிற்று. "இங்கே பாருங்க, எத்தனை கெடக்குது! வேணும்னா கொஞ்சம் எடுத்துக்கங்க!" என்று சிரித்தார்.

அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கு அதைக் காட்டினோம். அந்தக் கிழவர் வெகு நேரம் அந்தக் களத்து வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம் இருக்கும். மலைமேல் சூரியன் மறைந்துவிட்டது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் இருக்குமாம்.

திரும்பி வந்து

வரும் வழியில் ஆஸ்லோவில் அம்மருட் என்ற பகுதியிலுள்ள சிவசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போனோம். வாசலில் பனி, உள்ளே விபூதி வாசனை. பழனியாண்டவரை விட்டுப் புறப்பட்டு, அவரிடமே போய் நின்றது போலிருந்தது.

கீரனூருக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "கேட்டுக்கிட்டு வந்தியா?" சொன்னேன். சன்னல் விளக்கை, மீனெண்ணெயை, யாழ்ப்பாணத்து அம்மாளின் விரல்களைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "பாவம், அந்தம்மா அவங்க அம்மாவை அப்புறம் பாத்தாங்களா?" என்றார். அதை நான் கேட்காமலே வந்துவிட்டேன். பத்திரிகைக்காரிக்குத் தோன்றாத கேள்வி அத்தைக்குத் தோன்றியது.

என் கணவர் எழுந்து எதிர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "அம்மா, நாளைக்கும் மறுநாளும் மாட்டை அவங்க பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. காலையிலே ஆறு மணிக்கு வண்டி" என்றார்.

"எங்கே போறதுக்கு?"

அவர் தெற்கே கையைக் காட்டினார்.

மறுநாள் மலைப்பாதையில் பாதி வழி ஏறியதும் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். கீழே சமவெளி முழுவதும் இளவெயிலில் கிடந்தது. அத்தை தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வடக்கே வெகு நேரம் பார்த்தார்.

"நம்ம களம் எங்கியிருக்குது?" என்று கேட்டார்.

என் கணவர் காட்டினார். அவ்வளவு தூரத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். "இத்தனை நாளா அங்கிருந்து இதைப் பாத்தோம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

உங்கள் வீட்டுக் களத்திலிருந்தும் ஏதாவது ஒரு மலை தெரியும், வாசகர்களே. மாட்டைப் பார்த்துக்கொள்ள இரண்டு நாளைக்கு யாராவது அகப்படாமலா போவார்கள்?